கலியாணம் சொல்ல ஒரு வீடு

வால்தம்ஸ்டோ, லண்டன்
06.03.2025

அன்புள்ள தங்கச்சி வதனாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்தையும் மருமகளின் சுகத்தையும் எழுது. உன் கணவர் சுகமாகத்தான் இருப்பார். அவருக்கு எப்போது என்ன குறை?

மருமகள் துஷ்யாவின் கலியாண அழைப்புக் காட் நேற்றுக் கிடைத்தது. தபாற்காரன் கதவுத் துவாரத்தால் தள்ளிவிட்டுப் போயிருந்தான். பீட்சாக் கடை விளம்பரம் ஒன்று, கவுன்சில் கடிதம் ஒன்று, நடுவில் அது. நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசியிருந்தாய். உறை மழையில் நனைந்து ஒரு மூலை மஞ்சள் கவுன்சில் கடிதத்தில் ஊறிவிட்டது.

எங்கள் ஆட்களில் கலியாணம் சொல்வது எப்படி என்று உனக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் காட்டைத் தட்டத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுப் படியேறி வந்து, இருந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, சொல்லிவிட்டுப் போகவேண்டும். தூரத்துச் சொந்தத்துக்குத் தபாலில் போடலாம். கூட வேலை செய்கிறவனுக்கு வட்ஸ்அப்பில் போடலாம். முதல் காட் தாய்மாமனுக்கு என்பார்கள். அது மாமனின் கால்மிதியில் வந்து விழுவது எந்த ஊர் வழக்கம்?

போதாதற்கு, செய்தியை எனக்கு முதலில் சொன்னது நீயுமல்ல. பக்கத்துத் தெரு சிவனேஸ்வரி அக்கா. கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், "என்ன குலசேகரம், மருமோளுக்கு ஆவணியில கலியாணமாம். தாய்மாமன் கோட்டுத் தைச்சாச்சோ?" என்கிறா. "ஓம் ஓம்" என்று சொல்லி, முருங்கைக்காயை வாங்காமலே வந்துவிட்டேன்.

2013ஐ நான் மறக்கவில்லை. துஷ்யா பெரியபிள்ளையான சடங்கில் மாமன் உடைக்கவேண்டிய தேங்காயை உன் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி குருமூர்த்தி உடைத்தான். எனக்குப் பயணப் பத்திரம் வந்தது அதற்குப் பிறகு மூன்றாம் கிழமை. மூன்று கிழமை உங்களால் பொறுக்க முடியவில்லை. உங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகி என் போன் இலக்கத்தையும் மாற்றியது பத்திரம் வந்த அன்றைக்குத்தான்.

காட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் அல்ல. நீ நேரில் வந்து தரும்போது உன் கையில் ஒன்று இருக்கவேண்டும் என்பதற்காக.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
குலசேகரம்

---

கமோலி, இத்தாலி
21.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

வதனா எழுதுறன். நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்காலை நினைத்துத்தான் கவலை. படி இறங்கும்போது கம்பியைப் பிடித்து இறங்குங்கோ.

காட் வந்து சேர்ந்தது. இவர் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். துஷ்யாதான், "மாமா கோபத்திலயும் எவ்வளவு வடிவாய் ஒட்டி அனுப்பியிருக்கிறார், பாருங்கோ அம்மா" என்று சிரித்தாள்.

பிழை என்னுடையதுதான் அண்ணை. ஏன் தபாலில் போட்டனான் என்று மட்டும் கேட்காதேங்கோ. வேறு ஒரு வழியும் இல்லாதபோதுதான் மனிசர் முத்திரை ஒட்டுவினம்.

ஒருக்கா இங்கே வாங்கோ. உங்களைக் கடைசியாய்க் கண்டது கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில். இருபத்தைந்து வருசம். ஜெனோவாவில் இறங்கினால் ரயிலில் முக்கால் மணித்தியாலம். கமோலி ஸ்ரேசனில் நானும் இவரும் தட்டத்தோடு நிற்போம். அங்கேயே முறையாய்த் தாறன்.

ஊரை நீங்கள் பார்க்கவேண்டும். கடலோரத்தில் ஐந்து மாடி, ஆறு மாடி வீடுகள், தோளோடு தோள் முட்டிக்கொண்டு. ஒன்று றோசாப்பூ நிறம், அடுத்தது மாம்பழ நிறம், அடுத்தது செங்கல். கடலில் வரும்போதே தன் வீடு எது என்று கப்பற்காரன் கண்டுபிடிக்கத்தான் அந்தக் காலத்தில் இப்படி நிறம் அடித்ததாம். அந்த வீடுகளின் யன்னல்களில் பாதி பொய். சுவரில் கீறினவை. கதவு, சட்டம், நிழல் எல்லாமே பெயின்ற். கீழே நின்று பார்த்தால் எது திறக்கும் எது திறக்காது என்று பிடிபடாது. இவர் பதினெட்டு வருசமாய் அந்த வேலைதான். நான் விடுமுறைக்காரர் தங்குகிற வாடகை வீடுகளைத் துப்புரவாக்கிப் படுக்கை விரிக்கிறன்.

மழைக்குள் நனையாதேங்கோ.

உங்கள் தங்கச்சி
வதனா

---

வால்தம்ஸ்டோ
04.04.2025

அன்புள்ள வதனாவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முழங்கால் அப்படியே. கம்பியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன். இந்த வீட்டில் கம்பி ஒன்றுதான் ஒழுங்காக இருக்கிறது.

ஸ்ரேசனில் வைத்துக் கொடுப்பதற்கு அது என்ன நோட்டீசா? உன் வீட்டுக்கு வந்து வாங்கவும் மாட்டேன். தேடிப்போய் வாங்கினால் அது அழைப்பாகாது. என் வீட்டுக் கதவை நீ தட்டவேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

என் வேலை உனக்குத் தெரியும். கவுன்சிலில் பார்க்கிங் பகுதி. தண்டம் விழுந்தவர்கள் மன்னிக்கச் சொல்லிக் கடிதம் போடுவார்கள். தாய்க்கு வருத்தம், கடிகாரம் நின்றுவிட்டது, பலகையை மரம் மறைத்தது. நான் வாசித்துப் பதில் போடுவேன். பத்தில் ஒன்பதுக்கு ஒரே வசனம்: "நீங்கள் கூறிய காரணங்கள் எமக்குத் திருப்தியளிக்கவில்லை." பக்கத்து மேசை கொட்வின் நேற்றும் கேட்டான்: "அண்ணை, உங்கட கையால ஒருத்தராவது தப்பியிருக்கினமோ?" "ஒரு பாதிரியார் தப்பினவர்," என்றேன். "அவரும் பிறகு வேற தெருவில பிடிபட்டவர்."

உன் கடிதத்துக்கும் அந்த வசனம்தான் வாயில் வருகிறது. லண்டனுக்கு இரண்டு மணித்தியால விமானம். வரமுடியாததற்குக் காரணம் சொல்லாமல், கேட்காதே என்கிறாய். உன் கணவர் மறிக்கிறாரா? பொய் யன்னல் கீறுவது அவருக்குப் பொருத்தமான தொழில்தான்.

வீட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். புதிதாக ஆறு தேத்தண்ணிக் கோப்பையும் வாங்கினேன். நீ வருவாய் என்று அல்ல. பழையவை உடைந்துவிட்டன.

உன் அண்ணன்
குலசேகரம்

---

கமோலி
29.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதேங்கோ. சுகயீனம் ஒன்றுமில்லை. ஒரு அலுவலாய் இரண்டு தரம் ரோமுக்குப் போய்வந்தோம். சரிவந்தால் நானே எழுதுறன். சரிவரவேண்டும் என்று நீங்களும் கும்பிடுங்கோ, என்னவென்று கேட்காமல்.

இவர் மறிக்கவில்லை அண்ணை. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினன். "பொருத்தம்தான்" என்று சிரித்தார்.

சித்திரையோடு இங்கே சூரை மீனுக்கு வலை போடுவினம். பழைய முறைக் கட்டுவலை, மலை போய்க் கடலில் முட்டுகிற முனைக்குப் பக்கத்தில். வலை என்னத்தால் பின்னினது தெரியுமோ? தும்புக் கயிறு. அசல் தென்னந்தும்பு! பனிக்காலம் முழுக்கக் கையால் பின்னி, புரட்டாதி முடிய வெட்டிக் கடலோடு விட்டுவிடுவினமாம். நான் ஒரு துண்டைத் தொட்டு மணந்து பார்த்தன். இவர் பக்கத்தில் நின்று, "உன்ர அண்ணர் பன்ரண்டு வருசமாய்க் கையில வைச்சிருக்கிற தேங்காயின்ர தும்போ?" என்று கேட்டார். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரித்துவிட்டன். நீங்களும் சிரிக்கவேண்டும்.

அந்தத் தேங்காயைப் பற்றி ஒன்று சொல்லுறன். குருமூர்த்தி அடித்ததில் அது மூன்றாம் அடியில்தான் உடைந்தது. நீங்கள் என்றால் ஒரே அடி. அப்போது பன்னிரண்டு வருசமாய் உங்களுக்குப் பத்திரம் வரவில்லை. இன்னும் மூன்று கிழமையில் வருமென்று ஆருக்குத் தெரியும்? "வர ஏலுமோ அண்ணை" என்று கேட்டால், "ஏலாது" என்று உங்கள் வாயால் சொல்லவேண்டி வரும். அதைச் சொல்ல வைக்கக்கூடாது என்றுதான் கேட்காமல் விட்டனான்.

துஷ்யா வேலை செய்கிற வாடகை வீட்டு ஏஜென்சியில் இப்போது தலைக்குமேல் வேலை. கோடைச் சனம் வரத் தொடங்கிவிட்டது.

உங்கள் தங்கச்சி
வதனா

---

வால்தம்ஸ்டோ
12.05.2025

அன்புள்ள வதனாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் ரோம் அலுவலுக்கும் கும்பிட்டேன். சனிக்கிழமை லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய்த் துஷ்யாவின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "ஆர் பிள்ளை?" என்றார். "மருமகள்," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

நீ கேட்டிருக்கலாம், வதனா. ஏலாது என்று சொல்லும் உரிமையாவது எனக்கு இருந்திருக்கும். கேட்காமல் விட்டதை நீ அன்பு என்கிறாய். எனக்கு அது கதவைச் சாத்தியது போலத்தான் இருந்தது.

இனி இழுக்க வேண்டாம். ஜூன் முதலாம் திகதிக்குள் நீ என் வாசலில் நிற்காவிட்டால் நான் கலியாணத்துக்கு வரமாட்டேன். எழுதியதை மாற்றுகிறவன் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

உன் ஊர்ப் படங்களைக் கணினியில் பார்த்தேன். யன்னல்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கணவரின் கை மோசமில்லை.

உன் அண்ணன்
குலசேகரம்

---

வால்தம்ஸ்டோ
06.06.2025

வதனாவுக்கு,

முதலாம் திகதி போய்விட்டது. அன்று நான் வெளியே போகவில்லை. மத்தியானம் மணி அடித்தது. பார்சல்காரன், அதுவும் அடுத்த வீட்டுக்கு.

ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கலியாணத்தைப் பற்றி எழுதவேண்டாம். சுகமா என்று மட்டும் எழுது.

அண்ணன்

---

கமோலி
14.06.2025

அன்புள்ள மாமா,

நான் துஷ்யா. நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். பிழை இருந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பவேண்டாம், காட் ஒன்று திரும்பி வந்ததே போதும்.

இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. அம்மா உடம்புக்குச் சுகம். அவவுக்கு லண்டன் விசா கிடைக்கவில்லை. மூன்று தரம். 2016இல் ஒரு தரம், உங்களைச் சமாதானம் செய்ய வரப் பார்த்து. இந்த ஜனவரியில் ஒரு தரம். அதற்குப் பிறகுதான் காட்டைத் தபாலில் போட்டா. மே மாதம் கடைசித் தரம். ரோமுக்குப் போனது அதற்குத்தான். எனக்கு இத்தாலிப் பாஸ்போட். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்னும் இலங்கைப் பாஸ்போட், அதனால் விசா வேண்டும். வந்த பதிலில், "நீங்கள் கூறிய காரணங்கள் எமக்குத் திருப்தியளிக்கவில்லை" என்று இருந்தது. லண்டனில் இருக்கும் உறவினர் ஒரு கடிதம் தந்தால் உதவியாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா உங்களைக் கேட்கவில்லை.

"கேட்டால் அண்ணை உடனை எழுதித் தருவார். பிறகு சாகுமட்டும் சொல்லிக் காட்டுவார்," என்றா.

"கேளாட்டிலும் சொல்லித்தானே காட்டுறார்," என்றார் அப்பா.

பிறகு அம்மா சொன்னா: "எனக்கு விசா தரமாட்டாங்களாம் எண்டு என்ர வாயால அண்ணைக்குச் சொல்ல ஏலாது."

காட்டை நான் கொண்டுவரலாம். கலியாணப் பொம்பிளை தன்ர காட்டைத் தானே காவிக்கொண்டு திரியிறதோ என்று அம்மா விடுகிறா இல்லை.

உங்கள் மே மாதக் கடிதத்தை அம்மா திரும்பத் திரும்ப வாசித்தா. திகதி போட்ட இடத்தில் அல்ல, நட்சத்திரம் தெரியவில்லை என்ற இடத்தில் அழுதா. பூரட்டாதி, மாமா.

நான் உங்களைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளை பிரவினின் வீட்டுக்காரர், மாமனுடைய இடத்தில் யார் நிற்பார் என்று கேட்டார்கள். ஒருவரையும் நிறுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குருமூர்த்தி சித்தப்பாவையும்தான். நீங்கள் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

உங்கள் மருமகள்
துஷ்யா

---

வால்தம்ஸ்டோ
21.06.2025

அன்புள்ள பிள்ளை துஷ்யாவுக்கு,

மாமா எழுதுவது. நீ சுகமாக இருப்பது அறிந்து ஆறுதல். உன் தமிழில் இரண்டு பிழை இருந்தது. எவை என்று சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தை வேலையிடத்தில் வைத்து வாசித்தேன். அந்த வசனம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்று காலையும் அதை நான் ஏழு பேருக்கு எழுதியிருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ஒருவருக்கும் எழுதவில்லை. மூன்று பேரைத் தப்பவிட்டேன். கொட்வின் என் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சலோ அண்ணை?" என்று கேட்டான்.

பன்னிரண்டு வருசம் பத்திரம் இல்லாமல் நின்றவன் நான். அதை வாய்விட்டுச் சொல்வது எப்படிப்பட்டது என்று எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

சில கேள்விகள். உன் ஏஜென்சியில் கமோலியில் ஒரு கிழமைக்கு ஒரு வீடு எடுக்க ஏலுமா? ஹோட்டல் அறை வேண்டாம், வீடு. அடுப்பு இருக்கவேண்டும். கதவில் என் பெயரை ஒட்ட விடவேண்டும். மேல்மாடியாக இருக்கட்டும், முழங்கால் பட்டபாடு படட்டும், படியேறி வருகிற வீடாக இருக்கவேண்டும்.

அம்மாவுக்குச் சொல்லாதே.

உன் மாமா
குலசேகரம்

---

குலசேகரம் இல்லம்
மூன்றாம் மாடி, றோசா நிற வீடு
துறைமுகத்துக்கு மேலே, கமோலி
10.07.2025

அன்புள்ள தங்கச்சி வதனாவுக்கு,

அண்ணன் சுகம். மேலே இருக்கும் முகவரியை இன்னொரு தரம் பார். பிழை இல்லை. இதைக் கொண்டுவந்து தருகிறவளை ஏசாதே, நான் சொன்னதைத்தான் அவள் செய்தாள். வாசலில் என்னைக் கண்டதும் "மாமா, படத்தில இருக்கிற மாதிரி நீங்கள் உயரம் இல்லை" என்றாள். உன் மகள்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தேன். மூன்று நாளாக உன் ஊரில் இருந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும்: நான் காட்டைத் தேடிப்போய் வாங்குகிறவன் இல்லை. வேலையிடத்தில் லீவு மிஞ்சிக் கிடந்தது, வந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை மேலே சான் ரொக்கோவுக்கு ஏறி, மலைப் பாதையால் சான் புருத்துவோசோவுக்கு நடந்தேன். சில இடங்களில் பாறையில் சங்கிலி அடித்திருக்கிறார்கள், பிடித்துக்கொண்டு போக. உன் புத்திமதியை நினைத்துப் பிடித்தேன். ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் கால் வைத்த இடத்திலிருந்து நேரே கீழே கடல். அப்படி ஒரு நீலத்தை நான் ஊரிலும் கண்டதில்லை, லண்டனில் சொல்லவே வேண்டாம். மூன்றரை மணித்தியாலம் போனது. ஒரு ஜெர்மன் கிழவி என்னை இரண்டு தரம் முந்தினாள். நடுவில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். பாதை இறங்கி முடிகிற இடத்தில் சின்னக் குடா, தண்ணீர் ஓரத்தில் பழைய மடாலயம். காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். ஒருவரையும் திட்டவில்லை. திரும்பி வரும்போதுதான் அது விளங்கியது.

திரும்பினது படகில். முனையைச் சுற்றி வந்ததும் ஊர் முழுக்கத் தெரிந்தது. படகில் நின்றவர்கள் தங்கள் தங்கள் வீட்டைக் கைகாட்டினார்கள். எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று நின்றேன். பிறகு நினைவு வந்தது, இந்தக் கிழமை எனக்கும் ஒன்று இருக்கிறது. நானும் கைகாட்டினேன்.

இன்றைக்கு உன் கணவரையும் கண்டேன். சுவரோரச் சாரக்கட்டின் கீழே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்று பார்த்தேன். மூன்றாம் தட்டில் நின்று ஒரு யன்னலின் கீழ் நிழல் கீறிக்கொண்டிருந்தார். தூரிகையை நிறுத்தாமலே, "மச்சான், அதில நிக்காதேங்கோ, பெயின்ற் சொட்டும்" என்றார்.

"என்னை எப்பிடித் தெரியும் உமக்கு?" என்றேன்.

"உந்த மூக்கை இருபத்தஞ்சு வருசமாய் வீட்டில பாக்கிறன்."

"வதனாவிட்டைச் சொல்லிப்போடாதையும்."

"நான் கீறுறதெல்லாம் திறக்காத யன்னல் மச்சான். என்னட்டையிருந்து ஒண்டும் வெளியில வராது," என்றார். இறங்கி வந்து, கை முழுக்கப் பெயின்ற் என்பதால் முழங்கையால் என் தோளில் இடித்தார். இருவரும் வெங்காயம் போட்ட ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். அவரைப் பற்றி ஏப்ரல் மாதம் நான் எழுதிய வசனத்தை வெட்டிவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் என் வீட்டில் இருப்பேன். லண்டன் டூட்டிங்கில் வாங்கிய பயத்தம் பணியாரம் இருக்கிறது. ஆறு கோப்பையையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒன்று வழியில் உடைந்துவிட்டது. எங்களுக்கு நாலு போதும்.

கீழே இருந்து பார்த்தால் இடப்பக்கத்து இரண்டாவது யன்னல் என்னுடையது. முதலாவது உன் கணவர் கீறினது. அதைப் பார்த்துக் கைகாட்டி ஊர்ச் சிரிப்புக்கு ஆளாகாதே.

உன் அண்ணன்
குலசேகரம்

---

கமோலி
11.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்கவில்லை. நாளை மறுநாள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுறன்.

அந்த வீட்டைத் திங்கட்கிழமை கூட்டித் துடைத்தது நான்தான். "வடிவாய் விரியுங்கோ அம்மா, வாறவர் பிழை பிடிக்கிற ஆள்" என்றாள் இவள். ஆரோ பாவம் என்று இன்னொரு தலையணையும் கூட வைத்தனான். அதை முழங்காலுக்குக் கீழே வைத்துப் படுங்கோ.

பத்து மணிக்கு வாறம். நான் முன்னுக்கு, இவர் தட்டத்தோடு பின்னுக்கு. காட் நீங்கள் திருப்பி அனுப்பின அதே காட்தான். மூலைகளுக்குப் புதிதாய் மஞ்சள் பூசியிருக்கிறன். சீனி வாங்கியிருக்கமாட்டீங்கள், அதையும் கொண்டுவாறன்.

நீங்கள் ஏன் வந்தனீங்கள் என்று நான் கேட்கமாட்டன். நான் ஏன் வரவில்லை என்று நீங்களும் கேட்காதேங்கோ. என் வாசலிலிருந்து உங்கள் வாசலுக்கு நூற்றிநாற்பத்தாறு படி. நேற்றுக் கடிதம் கிடைத்த உடனே போய், கதவைத் தட்டாமல் எண்ணிவிட்டு வந்தனான். ஒரு படியிலும் ஒருவரும் விசா கேட்கவில்லை.

உங்கள் தங்கச்சி
வதனா